மச்சத்தை அழிக்காத மென்பொருள்

அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் கூட்டாளி தாவூத், என் அக்கா மஞ்சுளா. வீட்டில் நாற்காலி ஒன்றுதான் என்பதால் தாவூத் கட்டிலிலும் அக்கா அரிசி டிரம்மின் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். வந்திருக்க வேண்டிய ஒருவர் மட்டும் வரவில்லை. அவர் சி.டி. சேகர்.

நம் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சேகரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஓசூரில் வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் நுழையத் தொடங்கிய காலம் அது. எந்த மென்பொருளைக் கேட்டாலும் பெங்களூரிலிருந்து நகல் எடுத்து, வெறும் சி.டி.யில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி, நூறு ரூபாய்க்குக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். எங்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தது பெரிய ஸ்டுடியோக்காரர்கள் எல்லாம் வைத்திருந்த மிகப் பெரிய மென்பொருள். அதைக் கம்பெனி விலைக்கு வாங்குவதென்றால் எங்கள் கம்ப்யூட்டரோடு தாவூத்தின் வண்டியையும் சேர்த்து விற்றாலும் போதாது என்றார்கள்.

"வருவான்டா. சேகர் வாக்குக் குடுத்தா வருவான்" என்றான் தாவூத்.

"வாக்குத்தான் தினமும் வந்துகினு கீது. சி.டி.யத்தான் காணோம்" என்றாள் அக்கா.

எங்கள் அவசரத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். பக்கத்து மெஷின்காரருக்கு இரண்டு விரல்கள் துண்டான அதே மாதத்தில் என் ஒப்பந்தமும் முடிந்தது. தாவூத்தின் வீட்டார் பஸ் ஸ்டாண்டு அருகே செருப்புக் கடை வைத்திருந்தார்கள். கடையில் உட்காரச் சொன்னால் அவன் டிஜிட்டல் கேமரா வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அவன் கேமராவும், நான் வாங்கிய பழைய கம்ப்யூட்டரும், அக்கா வீட்டு முன்னறையும் சேர்ந்ததுதான் எங்கள் முதல் கடை. பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

நான் வேலை பார்த்த அந்தக் கம்பெனியில் ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கும் பர்சனல் ஆபீசர் தனலட்சுமி மேடம். திருநெல்வேலிக்காரர். ஒப்பந்தத் தொழிலாளர்கள் சார்பில் மனு எழுதிக்கொண்டு நான் அவர் அறைக்கு அடிக்கடி போனதால் அவருக்கு என்னைத் தெரியும். அவர்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "மாதேசா, எல்லாருக்கும் புது ஐ.டி. கார்டு போடுதோம். மொத ஷெட்டுக்கு ஊருல பேருவாங்குன ஸ்டுடியோ வருது. ரெண்டாவது ஷெட்டு ஒனக்கு. திங்கக்கெழம கார்டு கையில இருக்கணும். யாரு வேலை சரியா இருக்கோ, இனிமே சேருத ஆளுங்க போட்டோவெல்லாம் அவங்களுக்குத்தான்."

பிரஸ் ஷாப் காண்டிராக்டரும் அதே நேரத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்: இடம் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமை வந்தால் வேலை, வராவிட்டால் வேறு ஆள். ஆக, அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் கேமராவோடு நிற்பேனா, பிரஸ் மெஷினுக்கு அடியில் கையை நீட்டுவேனா என்பதுதான் கேள்வி. அக்கா என் காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று.

சேகரை இனியும் நம்ப முடியாது என்று நானும் தாவூத்தும் கம்ப்யூட்டர் கடைக்கு நடந்தே போனோம். கவுண்டரில் எங்கள் வயதுப் பெண் ஒருவர் இருந்தார். இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு முதல் பாடம் சொன்னவர் அவர்தான்.

"ஏனு பேக்கு?" என்றார். தாவூத் விழித்ததும் தமிழுக்கு மாறினார். "என்ன வேணும்?"

"போட்டோ திருத்துற சாஃப்ட்வேர். இருக்கறதுலயே பெருசா" என்றான் தாவூத்.

"பெருசு எதுக்கு? என்ன வேலை செய்யப்போறீங்க?"

"எல்லா வேலையும்தான்."

"எல்லாம்னா? கல்யாண ஆல்பமா, பேனரா, சினிமாவா?"

தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கேட்டு வளர்ந்தவன் நான். எந்த மொழியில் கேட்டாலும் அவர் கேள்வி எனக்குப் புரிந்திருக்கும்; ஆனால் வேலையைப் பற்றி நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. மென்பொருளைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தோம். நின்று நிதானமாக யோசித்துச் சொன்னேன்: எல்லா முகமும் ஒரே அளவில் வெட்டப்பட வேண்டும், கோணல் நிமிர வேண்டும், மங்கல் தெளிய வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் அந்தத் தொழிலாளியின் டோக்கன் எண் பெயராக இருக்க வேண்டும்.

"அவ்வளவுதானே? இதுக்கா யானை வாங்க வந்தீங்க?" என்று சிரித்தார்.

தம்பிகளே, விலை கேட்பதற்கு முன்னால் வேலையைச் சொல்லிப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு சின்னது என்று தெரியும்.

அவர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று, அந்தப் பெரிய மென்பொருளின் ஒரு மாத இலவசப் பதிப்பு. இரண்டாவது, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வரும் சி.டி.யில் இருந்த முழு இலவச மென்பொருள். மூன்றாவது, வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் சின்ன மென்பொருள். அட்டைப்பெட்டியில் சிரிக்கும் குடும்பப் படம், விலை ஆயிரத்து இருநூறு. கடையின் புத்தம்புதிய கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். மூன்றுமே பறந்தன.

எனக்கு அங்கேதான் ஒன்று உறைத்தது. அந்தக் கம்ப்யூட்டர் எங்களுடையது அல்ல.

"பில்லு போடுறீங்களே, அந்த மெஷின்ல இத ஓட்டிப் பாக்கலாமாங்க?"

"அதுலயா? அது கிழடு."

"எங்க வீட்ல கீறதும் கிழடுதாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

கடைக்காரர்கள் மாதிரிக்குக் காட்டும் மலைக்காட்சி படங்களை நான் தொடவில்லை. எங்களிடம் இருந்ததிலேயே மோசமான படத்தை எடுத்துப் போயிருந்தேன். அக்கா சமையலறையில் நிற்பது. பாதி முகம் இருட்டு, தலை ஒருபக்கம் சாய்வு. அந்த ஒரே படத்தை மூன்றிலும் திறந்தேன்.

பெரியது திறப்பதற்குள் தாவூத் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிட்டான். இலவச மென்பொருள் நன்றாகவே ஓடியது. பின்னாளில் கல்யாண ஆல்பங்களுக்கு அதைத்தான் கற்றுக்கொண்டோம். இன்று நீங்கள் உட்கார்ந்திருப்பதும் அதன் முன்னால்தான். ஆனால் அதன் மெனுக்களைப் படித்துத் தேற எனக்குக் குறைந்தது ஒரு மாதம் ஆகும். இருந்ததோ ஒரு வாரம். சின்ன மென்பொருளில் படச் சட்டத்தை ஒருமுறை அளந்து வைத்துவிட்டால் ஒவ்வொரு முகமும் அதற்குள் வந்து உட்கார்ந்தது. ஒரு ஃபோல்டரில் இருந்த படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தட்டில் எண் போட்டது. அக்காவின் இருட்டுப் பாதி தெளிந்து அவள் மூக்குத்தி தெரிந்தது.

தாவூத் மட்டும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுல மூஞ்சிய வெள்ளையாக்குறது எங்க இருக்கு?"

"அது இல்ல. மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கலாம். மூஞ்சிய மட்டும் பூசி மெழுக முடியாது" என்றார் அந்தப் பெண்.

"அப்போ பொண்ணுங்க எங்கள அடிப்பாங்களே!"

"நான் அடிக்க மாட்டேன்பா. எனக்கு என் கலரு போதும்."

வாங்கினேன். வழியெல்லாம் தாவூத் பொருமிக்கொண்டே வந்தான். "சேகர்கிட்ட நூறு ரூவா. பன்னெண்டு மடங்கு குடுத்து, கம்மியா வேலை செய்யறதப் பாத்து வாங்குன மொத ஆளு நீதான் மாப்ள. ஒன்ன மியூசியத்துலதான் வெக்கணும்."

இரண்டாவது ஷெட்டின் கேன்டீனில் வெள்ளைத் துணி கட்டிப் படம் எடுத்தோம். ராயக்கோட்டையிலிருந்து ரயிலில் வரும் ருக்மணி என்ற பெண் நாற்காலியில் உட்கார்ந்ததுமே மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, கன்னத்துல இந்த மச்சத்த மட்டும் எடுத்துடுங்கண்ணா. வீட்ல மாப்ள பாக்கறாங்க."

"இது கார்டு போட்டோம்மா. கல்யாண போட்டோ இல்ல."

"மொத ஷெட்டுல எல்லாருக்கும் எடுத்துட்டாங்களாம். அங்க மாலதிய பாத்தா சினிமாக்காரி மாதிரி கீறா. நாங்க மட்டும் என்ன பாவம் செஞ்சோம்?"

அவள் சொன்னது உண்மை. அந்தப் பெரிய ஸ்டுடியோவின் மாதிரி கார்டுகள் அதற்குள் ஷெட்டுக்கு ஷெட்டு சுற்றிக்கொண்டிருந்தன. பால்போன்ற முகங்கள். பரு இல்லை, தழும்பு இல்லை, மச்சம் இல்லை. எங்கள் மாதிரிகளும் சுற்றின. சிரிப்பு எங்கள் காதுவரை வந்தது. ஒருவர் கேட்டார்: "ஏம்பா, கரண்ட் இல்லாதப்பவா எடுத்தீங்க?"

வெள்ளிக்கிழமை மதியம் தனலட்சுமி மேடத்தின் போன். "என்னப்பா இது? ஒங்க கார்டு எல்லாம் கறுப்பா இருக்குன்னு சூப்பர்வைசருங்க சொல்லுதாங்க. எம்.டி.க்கு மொத ஷெட்டு ரொம்பப் புடிச்சிருக்கு. நாளைக்குள்ள பாத்துக்க."

போனை வைத்ததும் தாவூத் கேமராவைப் பையில் போட்டு மூடினான். கண்ணில் பட்ட காக்கிச் சட்டையை நான் பார்க்காதது போல இருந்தேன்.

நெருக்கடியில் ஒரு புகார் வந்தால் அதை அப்படியே விழுங்காதீர்கள், அப்படியே துப்பவும் துப்பாதீர்கள். பிரித்துப் பாருங்கள். நான் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தேன். கறுப்பு என்று அவர்கள் சொன்னது தோலின் நிறம் இல்லை. கேன்டீன் டியூப் லைட் உச்சந்தலைக்கு மேலே இருந்தது. கண்குழியிலும் மோவாய்க்கு அடியிலும் நிழல் விழுந்து, இருபது வயதுக்காரர்கள்கூடக் காய்ச்சலில் எழுந்தவர்கள்போல இருந்தார்கள். புகாரில் பாதி நியாயம். அந்தப் பாதிக்கு மருந்து மென்பொருளில் இல்லை. ஸ்டேஷனரிக் கடையில் இருந்தது. இரண்டு தெர்மாகோல் அட்டை வாங்கினோம். சனிக்கிழமை அதே கேன்டீனில் எல்லாரையும் மறுபடி படம் எடுத்தோம். ஓர் அட்டையை உட்காருபவரின் மடிமேல் வைத்தோம், இன்னொன்றைப் பக்கவாட்டில் தாவூத் பிடித்தான். கீழிருந்து வெளிச்சம் எழும்பி நிழலைத் துடைத்தது. முகம் அதே முகம், அதே நிறம். ஆனால் விழித்துக்கொண்ட முகம்.

அன்று சாயங்காலம் படங்களைச் சின்ன மென்பொருளில் ஏற்றி முடிக்கும்போது வாசலில் வண்டிச் சத்தம். சி.டி. சேகர்!

"ஸாரி பாஸ், பெங்களூர்ல மாட்டிக்கினேன். இந்தாங்க, ஒரிஜினல் மாதிரியே ஓடும். ஒரு பட்டனத் தட்டுனா தார் டின்னுகூடத் தயிர் சாதம் ஆயிடும்."

தாவூத் துள்ளி எழுந்தான். "மாப்ள, ஆண்டவனாப் பாத்து அனுப்புனான். போட்டுருவோம். ஒரு ராத்திரி போதும், எல்லாரையும் வெள்ளையாக்கிருவோம். எம்.டி.க்குப் புடிச்சது அதான்டா."

சி.டி. என் கையில் இருந்தது. மார்க்கர் மையின் வாசனைகூட நினைவிருக்கிறது. போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்போது மேஜைமேல் கிடந்த மாதிரி கார்டைத் தாவூத் அவசரத்தில் தட்டிவிட, அது கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கம் தெரிந்தது. ரத்த வகை, விலாசம், அதற்குக் கீழே ஒரு வரி: அங்க அடையாளம்.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கின் வலப்பக்கம் ஒரு மச்சம் என்று எழுதினார். அப்பாவுக்கும் அதே இடத்தில் மச்சம் உண்டு. ஆனால் எங்கள் குடும்பத்தில் எழுதிவைக்கப்பட்ட முதல் மச்சம் என்னுடையதுதான். அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார், "எம் பையன் மச்சத்த கவர்மெண்ட்ல எழுதி வெச்சிருக்காங்க" என்று.

"தாவூத், இந்தக் கார்ட யாரு பாப்பாங்க?"

"யாரு... போட்டுக்கறவங்கதான்."

"இல்ல. கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி. நான் ரெண்டு வருசம் இந்த மாதிரி கார்டு மாட்டிகினு அந்த கேட்டுல போயிருக்கேன். சீனப்பா கார்ட எடுத்து நம்ம கன்னத்துப் பக்கத்துலயே வெச்சுப் பாப்பாரு. முன்னாடி மச்சத்த அழிச்சிட்டு, பின்னாடி 'மச்சம் உண்டு'ன்னு அடிச்சா?"

தாவூத் கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினான். அரிசி டிரம்மின் மேலிருந்து அக்கா பேசினாள். அவள் கார்மெண்ட்ஸில் சட்டைகளைச் சோதித்து அனுப்பும் வேலையில் இருந்தவள். "துணில கறை இருந்தா எடுக்கலாம்டா. பூப்போட்ட துணில பூவையா எடுப்பாங்க?"

"எம்.டி. கேட்டா?" என்றான் தாவூத் கடைசியாக.

"எம்.டி. கார்ல வர்றாரு. அவர யாரும் கன்னத்தப் புடிச்சுப் பாக்க மாட்டாங்க."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் முடிவானது. சேகருக்கு முனைக்கடையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, சி.டி.யையும் கையிலேயே கொடுத்து அனுப்பினோம். போகும்போது அவர் எங்களைப் பார்த்த பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது.

மேடத்துக்கும் போன் செய்தேன். "முதல் ஷெட்டு கார்டுல முன்பக்கமும் பின்பக்கமும் ஒத்துப்போகுதான்னு ஒருதடவ பாத்துடுங்க மேடம்." எதிராளியின் தப்பை மறைத்து வைத்து ஜெயிப்பதில் எனக்கு விருப்பமில்லை. "அது ஓகே ஆகி அடிச்சாச்சுப்பா. நீ ஒன் வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையே எங்கள் படங்களும் கார்டில் ஏறிவிட்டன. திங்கட்கிழமை காலை முதல் ஷிப்ட். கேட்டுக்கு எதிரே நானும் தாவூத்தும் நின்றோம். என் பையில் காக்கிச் சட்டை. இரண்டு தெருவுக்கு அப்பால் தன் ஆபீசில் பிரஸ் ஷாப் காண்டிராக்டர் எனக்காகக் காத்திருந்தார்.

முதலில் வந்தவள் மாலதி. சீனப்பா கார்டை வாங்கினார், கன்னத்தருகே பிடித்தார், திருப்பினார், மறுபடி பிடித்தார்.

"யாரு கார்டம்மா இது?"

"என்னுதுதாங்க."

"இதுல கீறது யாரு, ஹீரோயினா? பின்னால 'இடது கன்னத்தில் மச்சம்'னு போட்டு கீது. ஒன் கன்னத்துலயும் கீது. போட்டோல மச்சம் எங்க போச்சு, லீவு போட்டுச்சா? தள்ளி நில்லு."

அடுத்தவருக்குப் புருவத்தில் வெட்டுத் தழும்பு. கார்டின் பின்பக்கத்தில் இருந்தது, முகத்தில் இருந்தது, படத்தில் மட்டும் இல்லை. "நீயும் தள்ளு." அதற்கடுத்தவருக்கு அம்மைத் தழும்பு. "நீயும்." கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் ஷெட்டு ஆட்கள் ரோடு வரைக்கும் நீண்டார்கள். ஹாரன் சத்தம், சூப்பர்வைசர்களின் கத்தல், எல்லாவற்றுக்கும் நடுவில் சீனப்பா பாறைபோல நின்றார். "எனக்கு ஆர்டர் இதான் சார். முகமும் அடையாளமும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகாத ஆள விட்டா நாளைக்கு என் வேலை போவும்."

அந்தக் கூட்டத்தில் ருக்மணி வந்தாள். சீனப்பா கார்டைக் கன்னத்தருகே பிடித்தார். மச்சம், மச்சம், மச்சம். மூன்றும் ஒரே இடத்தில். "போம்மா." அவளுக்குப் பின்னால் இரண்டாவது ஷெட்டு முழுவதும் தண்ணீர் ஓடுவதுபோல உள்ளே போனது. கேட்டைத் தாண்டியதும் ருக்மணி திரும்பி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்ற எங்களைப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணா! மச்சம் இருக்கட்டும்!"

தாவூத் விசிலடித்தான். நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

தனலட்சுமி மேடம் மூச்சுவாங்க வெளியே வந்தார். ரோடுவரை நீண்ட வரிசையைப் பார்த்தார். என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "நீ சொன்னல்லா. நாந்தான் கேக்கல. மாதேசா, மொத ஷெட்டையும் நீயே எடுத்துருதியா? எப்ப ஆரம்பிக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தாவூத் சொன்னான்: "இப்பவே மேடம்." தெர்மாகோல் அட்டைகள் அவன் வண்டியின் பின்னால் கட்டி இருந்தன. கட்டியது எப்போது என்று எனக்கே தெரியாது. மியூசியத்தில் வைக்க வேண்டியவன் என்று என்னைச் சொன்னவன், நான் ஜெயிப்பேன் என்று நம்பித்தான் வீட்டிலிருந்தே கிளம்பியிருக்கிறான்.

அந்த வாரத்திலேயே பக்கத்துக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். "மச்சம் அழிக்காத பசங்க" என்றுதான் சிப்காட்டில் எங்கள் பெயர். பெயர்ப்பலகை பிறகுதான் வந்தது. காண்டிராக்டர் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் காக்கிச் சட்டை வீணாகவில்லை. காலையில் கடையைத் திறந்ததும் நீங்கள் மானிட்டர் துடைக்கிறீர்களே, அந்தத் துணிதான் அது.

உங்களில் சிலர் போன வாரம் என்னிடம் கேட்டீர்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் போட எந்த மென்பொருள் நல்லது அண்ணா என்று. எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்: என்ன வேலை என்று முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் மெஷினைவிட நல்ல மெஷினில் சோதித்துப் பார்க்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே மோசமான படத்தைக் கொண்டு போங்கள். படத்தை யார் எங்கே நின்று பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எது குறை, எது அடையாளம் என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அது நமக்குத்தான் தெரிய வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய முதல் வேண்டுமே என்று தயங்காதீர்கள். கையில் இருந்த கேமராவும் கம்ப்யூட்டரும் போக எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். மென்பொருள் ஆயிரத்து இருநூறு. தெர்மாகோல் இரண்டு, முப்பது. சி.டி. சேகருக்கு வாங்கிக் கொடுத்த டீ ஒன்று, மூன்று. ஆக மொத்தம், ஆயிரத்து இருநூற்று முப்பத்து மூன்று ரூபாய்.